பார்கின்சன் நோயில் சிந்தனை தளரும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

1817-இல் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நடுக்க நோயை விவரித்தபோது, அறிவுத்திறன் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். பின்வந்த மருத்துவம் அதைத் திருத்தியது. அல்சைமர் நோயில் மறதியே பெரும்பாலும் முதலில் தென்படும். இங்கோ திட்டமிடுதலும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தை மாற்றுதலும் முன்னதாகத் தளர்வதுண்டு. எனவே பெயர் மறப்பதை மட்டுமன்றி, நெடுநாள் பழகிய சமையலில் வரிசை குழம்புவதையும், கணக்குப் பார்க்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பதையும் தேதியிட்டு எழுதி வைத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நினைவு, கவனம் முதலியவற்றை அளக்கும், 30 மதிப்பெண்ணுக்கான 'மோகா' (MoCA) சோதனையை அவர் செய்யக்கூடும். அது முதற்கட்டச் சோதனையே அன்றி முடிவான நோயறிதல் அன்று.

மருந்துச் சீட்டுகள் அனைத்தையும், தூக்கத்துக்கும் சளிக்கும் கடையில் வாங்கியவை உட்பட, உடன் கொண்டு செல்லுங்கள். நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியது. எனினும் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைபாடும் சிந்தனையைத் தளர்த்தக்கூடும் என்பதால் சோதித்து அறியத்தக்கவை.

நோயாளியிடம் பேசும்போது ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருங்கள். விடை தெரிந்தும் சொல் வரத் தாமதமாகும். அவசரத்தில் நாமே வாக்கியத்தை முடித்துவிடுவதுதான் நம் வீடுகளில் மிகுதியாக நடக்கும் தவறு. இல்லாத ஆட்களைக் கண்டதாக அவர் சொன்னால் வாதிடாமல், அறையின் வெளிச்சத்தைக் கூட்டி, மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஓரிரு நாளில் குழப்பம் திடீரெனப் பெருகினால், சிறுநீர்த் தொற்றோ நீரிழப்போ காரணமாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பார்கின்சன் நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், குழப்பத்தை அடக்கத் தரப்பட்டு, இந்நோயை மோசமாக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளைத் தவிர்க்க முடியும்.