டிரம்பெட் கச்சேரிக்குக் குரலிசையைத் தேடுங்கள்

புதுச்சேரி சர்ச் பேண்டுகளில் டிரம்பெட் வாசித்துப் பழகி, முதல் தனிக் கச்சேரிக்குத் தயாராகிறீர்களா? வயலினுக்கு எழுதிய நோட்டை (இசைக்குறிப்பை) எடுத்து வாசிக்கும் முன் குரலுக்கு எழுதியதைப் பாருங்கள். பாடுபவருக்கும் மூச்சு வேண்டும் என்பதால் நிறுத்தங்கள் அதிலேயே இருக்கும். வயலினில் பக்கம் பக்கமாக ஓய்வே வராமல் போகலாம். உதடு பாதியிலேயே கைவிட்டுவிடும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மனினோவின் ‘வோகலீஸ்’ அருமையான தேர்வு. சொற்களே இல்லாத பாடல், அதனால் வாத்தியத்துக்கு வரும்போது எதையும் இழப்பதில்லை. ஆனால் வரிகள் நீளம். முதலில் வாயால் பாடிப் பார்த்து, மூச்சு வாங்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். பல சரணங்கள் ஒரே மெட்டில் வரும் பாட்டென்றால் இரண்டு சரணம் போதும்.

அப்புறம், முக்கியமானது: குரல் நோட்டை பி ஃபிளாட் டிரம்பெட்டில் (வழக்கமான டிரம்பெட்) அப்படியே வாசித்தால் கூட வாசிக்கும் பியானோவைவிட ஒரு முழு டோன் இறங்கி ஒலிக்கும். ஏற்றி எழுதுங்கள், சி என்றிருந்தால் டி. ஏற்றியபின் உச்ச சுரத்தைப் பாருங்கள். களைத்த உதட்டிலும் அது சுலபமாக வர வேண்டும். வரவில்லையா, பியானோவையும் சேர்த்துச் சுருதியை இறக்குங்கள். நேரம் மிச்சமாகும் என்று பியானோ தனியாக வரும் இடங்களை மட்டும் வெட்டாதீர்கள். உதடு ஆறுவது அப்போதுதான்.