மாணவர் கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி ஆண்டு மலருக்கு வரும் மாணவர் கட்டுரைகள் எழுத்துப்பிழையால் கெடுவது குறைவு. சந்தியையும் ஒற்றையும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். கீழே இருப்பவை அப்படிச் சரிசெய்ய முடியாதவை.

முன்னுரையிலேயே கட்டுரையைத் தீர்த்துவிடுவது

ஈரோட்டு மஞ்சளைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: “மஞ்சள் மங்கலத்தின் சின்னம். பிறப்பு முதல் இறப்பு வரை தமிழர் வாழ்வில் நீங்கா இடம் பெற்றது.” அடுத்த பத்தியில் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற வேதிப்பொருள். அதற்கடுத்து, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி. 600 சொல்லில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். எழுதியவர் தோட்டத்து வீட்டுப் பிள்ளையாக இருப்பார். மாசி முழுக்க அவர்கள் களத்தில் மஞ்சள் காய்ந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. கண்ணெதிரே கிடப்பதை விட்டுவிட்டு, யாரும் எங்கிருந்தும் எழுதக்கூடியதை எழுதுவது எத்தனை முறை பார்த்தாலும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற தேர்வுப் பழக்கம்தான் காரணம். விடைத்தாள் திருத்துபவர் கடைசி வரி வரை படித்தே ஆக வேண்டும். வாசகருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

எழுதி முடித்ததும் முதல் இரண்டு பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அடித்துவிடுங்கள். பிறகு ஒரு காலை நேரம் மஞ்சள் மண்டிக்குப் போய் நின்று பாருங்கள். எழுத வேண்டியது இப்படிக் கிடைக்கும்:

“வியாபாரி சாக்கிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடிக்கிறார். ‘டக்’கென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது. வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம்; விலை இறங்கிவிடும். ஒடிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பி நிறம் பார்க்கிறார்.”

குர்குமினை இந்த இடத்தில் சொல்லுங்கள். அந்த நிறமே அதனால் வருவதுதான். வேகவைத்துக் காயவைத்தால் ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சை மஞ்சள் ஒரு கிலோவாகச் சுண்டிவிடும் என்பதையும் இங்கேயே சேர்க்கலாம். எடை போடும்போது விவசாயி தராசை விட்டு ஏன் கண்ணெடுப்பதில்லை என்பது அப்போது விளங்கும்.

எண்ணை மழுப்புவது

“பல”, “ஏராளமான”, “மிகப் பழமையான” என்று எழுதும் இடமெல்லாம் எண்ணைத் தேடாமல் விட்ட இடம். விலை எழுதினால் நான்கும் சேர்ந்து வர வேண்டும்: குவிண்டாலுக்கு எவ்வளவு, எந்த மண்டி, எந்தத் தேதி, விரல் போல நீண்ட விரலியா உருண்டைக் கிழங்கா. ஒன்று விடுபட்டாலும் அந்த எண்ணால் பயனில்லை.

“என்றால் அது மிகையாகாது”

அடித்துவிடுங்கள்.

பேச்சைப் பாடநூல் ஆக்குவது

“மழை பேஞ்சு களத்துலயே நனைஞ்சு போச்சுங்க. இனி என்னங்க பண்றது?” என்று பெரியவர் சொன்னதை, “மழையினால் மஞ்சள் பாதிப்படைந்ததாக அவர் வேதனை தெரிவித்தார்” என்று மாற்றுகிறார்கள். அந்த ‘ங்க’ போனால் பேசிய ஆளே போய்விடுகிறார். சொன்ன சொல்லை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் அது உங்கள் நடையாக மாறியிருக்கும்.

தலைப்பை முதலில் வைப்பது

கடைசியில் வையுங்கள்.

ஒரு வரியில் குற்றவாளியைக் காட்டுவது

நொய்யல் ஆற்றைப் பற்றிய கட்டுரைகளில் “சாயப்பட்டறைகளே காரணம்” என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. எப்படிக் காரணம்? பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்புச் சேர்க்கிறார்கள். கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிட்டாலும் உப்பு அப்படியே கரைந்திருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் கிணற்றையும் காட்டையும், அதாவது விளைநிலத்தையும், கெடுத்தது அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தீர்வும் எளிதல்ல: உப்பைப் பிரிக்க, நீரை அழுத்தி நுண்சவ்வு வழியே வடிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல், அதில் மிஞ்சும் நீரைக் காய்ச்சி வற்றவைப்பது என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

இவ்வளவையும் எழுத இரண்டு பேரிடமாவது பேச வேண்டும்: நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் காடு வைத்திருப்பவர் ஒருவர், திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர் ஒருவர். முதலாமவரிடம் கிணற்றுத் தண்ணீரில் இப்போது என்ன பயிர் வருகிறது என்று கேளுங்கள். இரண்டாமவரிடம், பிரித்தெடுத்த உப்பு எங்கே போகிறது என்று கேளுங்கள்.