தகர டப்பாவில் ஓர் இரவு விளக்கு

நடுநிசியில் எழுபவர் கால் இடறாமல் நடக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும். அதற்கு மேல் ஒளிர்ந்தால் அது இரவு விளக்கு அன்று, தூக்கத்தைக் கெடுக்கும் விளக்கு. காலியான பால்பவுடர் டப்பா ஒன்று இருந்தால் அந்த அளவான ஒளியை நீங்களே செய்துகொள்ளலாம்.

தேவையானவை: தகர டப்பா, ஆணி, சுத்தியல், உப்புத்தாள், பழைய துண்டு, மெல்லிய வெள்ளைக் காகிதம், பேட்டரியில் எரியும் எல்இடி தொடர்விளக்கு.

டப்பாவைச் சுடுநீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் பசை சமையல் எண்ணெய் தடவித் தேய்த்தால் வந்துவிடும். வாய் விளிம்பு கூராக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

அடுத்த வேலையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வெற்று டப்பாவில் ஆணி அடித்தால் தகரம் உள்ளே நசுங்கிவிடும். நான் செய்த முதல் டப்பா அப்படித்தான் வீணானது. டப்பாவில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளே இருக்கும் பனிக்கட்டி அடியைத் தாங்கிக்கொள்ளும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும் என்பதால் விளிம்புவரை நிரப்பக் கூடாது. அப்படியும் அடிப்பகுதி சற்றே பிதுங்கினால், பனி உருகிய பின் மெல்லத் தட்டிச் சரிசெய்யலாம்.

நீர் உறைவதற்குள் காகிதத்தில் கோலத்தை வரைந்துவிடுங்கள். டப்பாவைக் கவிழ்த்து வைக்கப்போகிறோம் என்பதை மறக்காதீர்கள். அதன் அடிப்பகுதியே விளக்கின் தலை. அங்கே சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களைக் குத்தினால் அவை கூரையில் விழும். ஆனால் நாம் வெளியிலிருந்து குத்துகிறோம், ஒளியோ உள்ளிருந்து செல்கிறது. ஆகவே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வரைய வேண்டும். பக்கங்களில் வாயை ஒட்டிய கால் பங்கை விட்டுவிடுங்கள். அங்கே தாங்கப் பனிக்கட்டி இல்லை. பேட்டரிப் பெட்டியும் அந்த இடத்தில்தான் மறைந்திருக்கும்.

காகிதத்தை டப்பாவில் ஒட்டி, மடித்த துண்டின்மேல் உருளாமல் கிடத்தி, புள்ளிக்கு இரண்டு மூன்று அடியாக அடியுங்கள். துளைகளுக்கு இடையே 1 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். துளைகளை அள்ளித் தெளிக்காதீர்கள். குறைவாக இருந்தால்தான் ஒவ்வொன்றும் அழகாகத் தெரியும். வேலை முடிந்ததும் பனியை உருகவிட்டு, துரு ஏறாதபடி உடனே துடைத்துக் காயவையுங்கள். விருப்பமிருந்தால் வெளிப்புறத்தில் வண்ணம் பூசலாம். உள்பக்கத் துளை விளிம்புகள் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். கையுறை இல்லாமல் விரலை உள்ளே விடாதீர்கள். மின்கம்பியும் அவற்றில் உரசாமல் இருக்கட்டும்.

இனி ஒளி. தொடர்விளக்கை அப்படியே சுருட்டி உள்ளே வைத்தால் புள்ளிகள் தெளிவாக விழாது. இருபது எல்இடிகள் இருந்தால் ஒவ்வொரு துளையும் சுவரில் இருபது புள்ளிகளை வீசும். எல்லாம் கலந்து மங்கிப்போகும். சுவரில் விண்மீன்கள் வேண்டுமானால் ஒரே ஓர் எல்இடியை டப்பாவின் நடுவில் நிறுத்தி, மற்றவற்றைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். சுவரில் எதுவும் விழ வேண்டாம், டப்பா மட்டும் மென்மையாக மிளிர்ந்தால் போதும் என்பவர்கள் எல்லா எல்இடிகளையும் எரியவிட்டு, உட்புறத்தில் மெல்லிய வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிவிடலாம். எனக்குப் பிடித்தது முதல் வகை.

மஞ்சள் சாயல் கொண்ட எல்இடியையே தேர்ந்தெடுங்கள். நீலம் கலந்த வெள்ளொளி, தூக்கத்துக்குத் துணைநிற்கும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது.

மெழுகுவத்தியும் வேண்டாம், வீட்டு மின்சாரத்தில் எரியும் பல்பும் வேண்டாம். தகரம் மின்சாரத்தைக் கடத்தும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான் பேட்டரி வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். திருகாணியால் மூடும், ஏஏ பேட்டரி போடும் பெட்டியே நல்லது.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, டப்பாவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கவிழ்த்து வையுங்கள். புள்ளிகள் தெளியும்வரை எல்இடியைச் சற்று மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, பிறகு டேப் ஒட்டி நிறுத்திவிடுங்கள்.