கொறங்காட்டுக்கு நிதி: மனுவை எடைபோடும் முறை

கொங்குப் பக்கம் 'காடு' என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம். காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து மேய்ச்சல் காடான கொறங்காடும் அப்படித்தான். சுற்றிலும் கிளுவை என்ற முட்செடி வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம். எல்லாம் பட்டா நிலம். மாடும் செம்மறியும் மேயும் அதே புல்லில்தான் கௌதாரி, முயல், கீரி, குள்ளநரி பிழைக்கின்றன. ஆகவே, இந்தக் காட்டைப் பேண நிதி கேட்டு, ஏக்கருக்கு இத்தனை நூறு மரக்கன்று நடுவோம் என்று வரும் மனுவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நிழல் அடர்ந்தால் புல் செத்துவிடும். (மரம் நடுவது படத்துக்கு அழகு, அதனால்தான் இந்த மனு ஓயாமல் வருகிறது.)

மனுதாரரிடம் பட்டா, சிட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), 30 வருட வில்லங்கச் சான்று வாங்குங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் நாளை அவர் பாகம் வீட்டுமனை ஆகலாம். சோலார், காற்றாலைக்காரர்களிடம் மனுதாரர் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்பதை வாய்விட்டுக் கேளுங்கள். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது.

நேரில் இரண்டு தடவை போக வேண்டும். மார்கழியில் எந்தக் காடும் பச்சையாகத்தான் தெரியும். சித்திரையில்தான் குட்டு வெளிப்படும். 1 மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். 4 ஏக்கருக்கு 10 இடம் போதும். இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்தால் கால் நல்ல புல்லைத் தேடித்தான் போகும். அதனால் மூலைக்கு மூலை குறுக்கே நடந்து, 20 தப்படிக்கு ஒருமுறை சட்டத்தைக் காலடியில் வையுங்கள். கொழுக்கட்டைத் தூர் எத்தனை, வெறும் மண் எவ்வளவு என்று குறியுங்கள். மாடு தொடாத துடைப்பப்புல்லும் ஆவாரையும் மண்டியிருந்தால் மேய்ச்சல் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்; அங்கே விதைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் மாட்டு எண்ணிக்கையைப் பேசுங்கள். விதையிலும் ஒரு சங்கதி உண்டு: புதிதாக உருவிய கொழுக்கட்டை விதை சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்ததுதான் முளைக்கும்.

வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். கிளுவையின் அடியில் முயல் நுழையும், கீரி நுழையும். கம்பிவலை கேட்டால் மறுத்துவிட்டு, சந்து விழுந்த இடத்தில் மட்டும் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நடக் கூலி கொடுங்கள்.

அதிகம் ஏமாறுவது சீமைக்கருவேலத்தில். வெட்டுக்கூலி மட்டும் போட்ட மனு வீண். அடிக்கட்டை அடுத்த மழைக்கே துளிர்க்கும். வேரோடு எடுப்பதற்கும், பிறகு முளைக்கும் கன்றுகளை 3 வருடம் பிடுங்குவதற்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். ஜேசிபியைக் காடு முழுக்க ஓடவிடாதீர்கள்: சக்கரம் புல் தூரைப் பெயர்த்துவிடும், குள்ளநரி வளையும் இடியும். வளைகளை முன்பே வரைபடத்தில் குறித்து, மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் வேலை வைக்காதீர்கள். அப்போது உள்ளே குட்டி இருக்கலாம்.

பணத்தை 40, 30, 30 சதவீதம் என்று மூன்று தவணையாகப் பிரியுங்கள். முதல் சித்திரையிலேயே நாலு மூலையிலும் கல் நட்டு, அங்கே நின்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை, மூன்றாவது சித்திரையில் அதே கல்லருகே நின்று எடுத்த படத்தோடு ஒப்பிட்ட பிறகு.