கையக் கடிக்காம ஹாலோவீன்: அமெரிக்காவுக்கு வந்த நம்ம குடும்பங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்கு குழந்தைங்களோட வந்து ரெண்டு மூணு வருஷமே ஆன வீடுகளுக்காகத்தான் இத எழுதறேன், அதுலயும் ஒரே சம்பளம், வாடகை டேகேர் எல்லாம் போக மிச்சத்த பாத்து பாத்து செலவு பண்றவங்களுக்கு. செப்டம்பர் பாதியிலயே கடையெல்லாம் ஆரஞ்சும் கருப்புமா மாறிடும், ஸ்கூல்ல பசங்க "நீ என்னவா வரப்போற"ன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க, நாம வேலை மும்முரத்துல கவனிக்காம விட்டு அக்டோபர் கடைசி வாரம் திடீர்னு முழிச்சிப்போம். அந்த கடைசி வாரத்துல அவசர அவசரமா எடுக்கற முடிவுலதான் பாதி காசு போகுது. 2023ல ஹாலோவீனுக்கு ஆளுக்கு சராசரியா 108 டாலர் செலவு பண்ணுவாங்கன்னு கடைக்காரங்க சங்கமான நேஷனல் ரீடெய்ல் ஃபெடரேஷன் சர்வேல வந்துச்சு. நம்பவே முடியல இல்ல, ஆனா காஸ்ட்யூம் ஒண்ணு, கேண்டி ரெண்டு பை, பூசணி பறிக்கற பம்ப்கின் ஃபார்முக்கு ஒரு தடவை, வாசலுக்கு நாலு அலங்காரம்னு கூட்டி பாருங்க, ஒரு சின்ன குடும்பத்துக்கே அத தாண்டி போயிடும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும், இந்த பண்டிகையில குழந்தைக்கு உயிர் மாதிரி இருக்கறது அக்டோபர் 31ம் தேதி சாயங்காலம் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா போயி கதவ தட்டி "ட்ரிக் ஆர் ட்ரீட்" சொல்லி மிட்டாய் வாங்கறதுதான், அதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. வாசல் விளக்கு எரிஞ்சா வரலாம், அணைஞ்சிருந்தா வரவேண்டாம்னு அர்த்தம், அவ்ளோதான் விதி. மத்ததெல்லாம் இதுக்கு மேல ஏத்திக்கிட்டது. எதுக்கு செலவு பண்ணலாம் எத விடலாம்னு முடிவு பண்ணும்போது இத மனசுல வெச்சுக்கோங்க.

காஸ்ட்யூம்ல நடக்கற பெரிய தப்பு, ஸ்கூல் மெயில படிக்காம வாங்கறது. நிறைய ஸ்கூல்ல முகமூடி கூடாது, பொம்மை கத்தி துப்பாக்கி கூடாது, சில ஸ்கூல்ல ஹாலோவீன்னே சொல்லாம கதைப்புத்தக கேரக்டரா மட்டும் வரச் சொல்வாங்க. முப்பது நாப்பது டாலர் குடுத்து நிஞ்ஜா டிரஸ் வாங்கிட்டு அப்புறம் மெயில பாத்தா ஸ்கூலுக்கு தனியா ஒண்ணு, ராத்திரிக்கு தனியா ஒண்ணுன்னு ஆயிடும். ஹாலோவீன் டிரஸ்ஸ பல கடைல திருப்பியும் எடுக்க மாட்டாங்க, பில்லு பின்னாடி என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க.

அடுத்தது குளிர். சிகாகோ, மிச்சிகன், மினசோட்டா பக்கம் இருக்கறவங்க இத மறக்கவே கூடாது. 2019 ஹாலோவீன் அன்னிக்கு சிகாகோல 3 இன்ச்சுக்கு மேல பனி கொட்டுச்சு, 1991ல மினியாபோலிஸ்ல ஹாலோவீன்ல ஆரம்பிச்ச பனிப்புயல் நிக்கறதுக்குள்ள 28 இன்ச் ஆயிடுச்சு. அவ்ளோ பனி வராட்டியும் இந்த ஊருங்கள்ல அன்னிக்கு ராத்திரி கை விறைக்கற குளிரு சாதாரணம். கடைல விக்கற இளவரசி டிரஸ் காகிதம் மாதிரி மெல்லிசு பாலியஸ்டர், அது மேல விண்டர் ஜாக்கெட்ட மாட்டி விட்டா "யாருக்கும் என் டிரஸ் தெரியல"ன்னு குழந்தை நடு ரோட்டுல அழும். அதனால எப்பவும் ஒரு சைஸ் பெருசா எடுங்க, உள்ள தெர்மலும் ஸ்வெட்டரும் போட இடம் இருக்கணும்.

இல்லன்னா நான் எல்லார்கிட்டயும் சொல்ற வழி, ஹூடிய வெச்சு வேஷம் கட்டறது. எப்படியும் குளிருக்கு ஹூடி வாங்கத்தான் போறீங்க, அத குழந்தைக்கு பிடிச்ச மிருகத்தோட கலர்ல வாங்கிடுங்க. சாம்பல் கலர் ஹூடின்னா யானை, எலி, கோலா எல்லாம் வரும். கைவேலை கடைல ஃபெல்ட் துணி ஷீட் கணக்குல விக்கும், ரொம்ப மலிவு, அதுல காது வெட்டி ஹூடியோட தலைப்பகுதில தையல் நூலால நாலு தையல் போட்டா போதும், பசை வேண்டாம், ஏன்னா நவம்பர்ல தையல பிரிச்சிட்டு அதே ஹூடிய குளிர்காலம் முழுக்க போடலாம். காது நிக்காம தொங்குதுன்னா ரெண்டு ஷீட்ட சேத்து தைங்க, இல்ல நடுவுல சீரியல் டப்பா அட்டைய வெட்டி வைங்க. வால் வேணும்னா பழைய காலுறைக்குள்ள துணிய அடைச்சு பின்னாடி சேஃப்டி பின் குத்திடுங்க.

அட்டைப்பெட்டி ரோபோவும் நல்லாருக்கும், டயப்பர் பெட்டிக்கு மேல அலுமினியம் ஃபாயில் சுத்தி பாட்டில் மூடிய பட்டன் மாதிரி ஒட்டினா குழந்தைங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். ஆனா இதுல எல்லாரும் பண்ற தப்பு பெட்டி முட்டிக்கு கீழ வர்ற மாதிரி விட்டுடறது. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ரெண்டு மூணு படி இருக்கும், குழந்தையால கால தூக்கி ஏறவே முடியாது. இடுப்புக்கு கொஞ்சம் கீழயே நிறுத்திடுங்க, கை ஓட்டைய தோள்பட்டைக்கு ஒட்டி போடாம கொஞ்சம் இறக்கி பெருசா வெட்டுங்க.

வாங்கத்தான் வேணும்னா புதுசா வாங்காதீங்க. ரெண்டு மணி நேரம் போட்ட டிரஸ் எல்லா வீட்டு அலமாரிலயும் தூங்குது. பை நத்திங்னு 2013ல வாஷிங்டன் மாநிலத்துல பெயின்பிரிட்ஜ் தீவுல ரெண்டு பெண்கள் ஆரம்பிச்சது, இப்ப ஏகப்பட்ட ஊர்ல குரூப் இருக்கு, காசே வாங்காம அக்கம்பக்கத்துல குடுத்து வாங்கிக்கறது. அதுல கேக்கும்போது "எல்சா டிரஸ் இருக்கா"ன்னு கேக்காதீங்க, "5 வயசு சைஸ்ல எந்த காஸ்ட்யூம் இருந்தாலும் ஓகே"ன்னு செப்டம்பர் கடைசிலயே போடுங்க, நாலஞ்சு வந்து சேரும், குழந்தை அதுல ஒண்ண எடுத்துக்கட்டும். குட்வில் மாதிரி பழைய துணிக்கடைக்கும் அக்டோபர் ஆரம்பத்துலயே போயிடணும், மாசக்கடைசில போனா கிழிஞ்சதும் கறை பட்டதும்தான் மிச்சம் இருக்கும். சில ஊர் லைப்ரரில காஸ்ட்யூம் மாத்திக்கற நாள்னே ஒண்ணு வெப்பாங்க, விசாரிச்சு பாருங்க.

இன்னொண்ணு, காசு மிச்சம்னு நெனச்சு பட்டுப்பாவாடையோ பரதநாட்டிய காஸ்ட்யூமோ போட்டு அனுப்பாதீங்க. ஈரப்புல்லுல இழுபட்டு, சாக்லேட் கை பட்டு, அந்த பட்டு திரும்பவும் பழைய மாதிரி வராது, அதுக்கு ஆகற நஷ்டத்துல பத்து காஸ்ட்யூம் வாங்கலாம். நம்ம உடுப்பு வேஷம் கிடையாதுங்கற எண்ணமும் எனக்கு உண்டு, அது அவங்கவங்க விருப்பம்.

கேண்டிக்கு வருவோம். 2024 கடைசில கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலர தாண்டுச்சு, கானாவுலயும் ஐவரி கோஸ்ட்லயும் விளைச்சல் சரியில்ல, அதுல சாக்லேட் விலை நல்லாவே ஏறிடுச்சு. சாக்லேட் பை எடுக்கும்போது பை விலைய பாக்காதீங்க, உள்ள எத்தன பீஸ்னு பாத்து வகுத்து பாருங்க. பெருசா தெரியற பைல பீஸ் கம்மியா இருக்கும். லாலிபாப், ஸ்மார்ட்டீஸ் மாதிரி சாக்லேட் இல்லாத மிட்டாய் பீஸ் கணக்குல ரொம்ப குறைச்சல், பாதிக்கு பாதி கலந்து குடுத்தா ஒரு குழந்தையும் குறை சொல்லாது.

எவ்வளவு வாங்கறதுன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அபார்ட்மெண்ட் மூணாவது மாடிக்கு ஒருத்தரும் வராமலே போகலாம், தனி வீடுங்க வரிசையா இருக்கற தெருன்னா நூறு பேருக்கு மேலயும் வரலாம், கேக்காம வாங்கினா ரெண்டு பக்கமும் நஷ்டம். செப்டம்பர்லயே வாங்கி சமையலறைல வெச்சா 31க்குள்ள வீட்டுக்குள்ளயே காலி ஆயிடும், கடைசி வாரம் வாங்குங்க. "ஒண்ணு எடுத்துக்கோங்க"ன்னு எழுதி கிண்ணத்த வாசல்ல வெச்சிட்டு போனா முதல்ல வர்ற பெரிய பசங்களே காலி பண்ணிடுவாங்க, நின்னு கையால குடுங்க. வீட்ல எல்லாரும் குழந்தையோட வெளிய கிளம்பறீங்கன்னா விளக்க அணைச்சிட்டு போங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நிஜமாவே பணம் இல்லாத வருஷம் முழுக்க அணைச்சே வெச்சாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது, குழந்தை போயி வாங்கிட்டு வரலாம், நாம குடுத்தே ஆகணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

நம்ம ஆளுங்க சிலர் நல்ல மனசோட வீட்ல செஞ்ச முறுக்கு, லட்டு எல்லாம் பாக்கெட் போட்டு குடுப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். கம்பெனி உறை பிரியாம இருக்கறத மட்டும்தான் சாப்பிடணும்னு இங்க எல்லா பெத்தவங்களும் சொல்லிக்குடுத்திருப்பாங்க, அலர்ஜி பயமும் உண்டு, உங்க உழைப்பு அப்படியே குப்பைக்கு போயிடும். அத அபார்ட்மெண்ட்ல இருக்கற தமிழ் குடும்பங்களுக்கு குடுங்க. அலர்ஜி உள்ள குழந்தைங்களுக்காக டீல் பம்ப்கின்னு ஒரு வழக்கம் இருக்கு, 2014ல இருந்து நாடு முழுக்க பரவினது, வாசல்ல நீலப்பச்சை கலர் பூசணி வெச்சா இங்க சாப்பிடற பொருள் இல்லாம ஸ்டிக்கர், பென்சில் மாதிரி ஏதாச்சும் கிடைக்கும்னு அர்த்தம். மொத்தமா வாங்கினா ஸ்டிக்கர் சாக்லேட்ட விட மலிவு, மிஞ்சினா கெட்டும் போகாது, பட்ஜெட் பாக்கறவங்களுக்கு இதவிட நல்ல வழி எனக்கு தெரியல.

சைவ வீடுகளுக்கு ஒரு விஷயம், ஸ்டார்பர்ஸ்ட், மார்ஷ்மெல்லோ, ரப்பர் மாதிரி மெல்லற நிறைய "gummy" மிட்டாய், கேண்டி கார்ன் இதுலல்லாம் மிருகத்தோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கற ஜெலட்டின் இருக்கும். குழந்தை பைய தரைல கொட்டும்போது அத பிடுங்கி வீசாம, மத்த பசங்களோட சாக்லேட்டுக்கு மாத்திக்க சொல்லுங்க, பசங்க அன்னிக்கு ராத்திரி அந்த பண்டமாத்த ரொம்ப ஆசையா பண்ணுவாங்க.

அலங்காரத்துல காசு போடவே போடாதீங்க. 2020ல ஹோம் டிப்போங்கற கடை 12 அடி எலும்புக்கூட 299 டாலருக்கு விட்டுச்சு, அதுல இருந்து தெருவுக்கு தெரு போட்டி. நம்ம வீட்ல காலியாகற பால் கேலன் கேன் இருக்கே, தயிருக்கும் காபிக்குமா வாரத்துக்கு ரெண்டு மூணு சேரும், அத நல்லா கழுவி காயவெச்சு கருப்பு மார்க்கர்ல கண்ணும் வாயும் வரைஞ்சு, பின்பக்கம் சின்னதா வெட்டி உள்ள சீரியல் லைட்ட விட்டா பேய் தலை வரிசையா மின்னும். அந்த லைட்ட ஆரஞ்சு ஊதான்னு வாங்காம சாதா மஞ்சள் வெளிச்சம் வர்றதா வாங்குங்க, கொலுவுக்கும் அதுவே, தீபாவளிக்கும் அதுவே, டிசம்பருக்கும் அதுவே. 2024ல நமக்கு தீபாவளியே அக்டோபர் 31தான், 2026ல நவம்பர் 8, ஒரு வாரம்தான் இடைவெளி. அதனால நவராத்திரில இருந்து தீபாவளி வரைக்கும் ஒரே கணக்கா போட்டு வைங்க, தனித்தனியா போட்டா மூணுலயும் கை மீறிடும். செடி மேல இழுத்து கட்டற அந்த வெள்ள பஞ்சு சிலந்தி வலை வேண்டவே வேண்டாம், குருவிங்க மாட்டிக்குது.

பம்ப்கின் ஃபார்ம் போறது அழகான அனுபவம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா வார இறுதில ஆளுக்கு நுழைவு கட்டணம், உள்ள பூசணிக்கு எடை கணக்கு, சோளக்காட்டுக்குள்ள வழி கண்டுபிடிக்கற விளையாட்டு, டோனட்னு நாலு பேருக்கு நூறு டாலர் சாதாரணமா ஆயிடும். நுழைவு கட்டணம் இல்லாத சின்ன ஃபார்ம் எல்லா பக்கமும் இருக்கு, இல்ல வார நாள்ல போங்க, பூசணிய மளிகைக் கடைல வாங்கிக்கோங்க. பூசணில கண்ணும் வாயும் செதுக்கி உள்ள விளக்கு வெக்கறத ரெண்டு நாள் முன்னாடி மட்டும் பண்ணுங்க, செதுக்கின பூசணி நாலஞ்சு நாள்லயே பூஞ்சை பிடிச்சு உள்ள விழுந்துடும், வெயில் ஊர்ல இன்னும் சீக்கிரம். செதுக்காம மார்க்கர்ல படம் வரைஞ்சா வாரக்கணக்குல நிக்கும். உள்ள மெழுகுவத்தி வேண்டாம், நீள டிரஸ் போட்ட குழந்தைங்க பக்கத்துல வந்து நிக்கும், பேட்டரி விளக்கு போதும். விதைய கழுவி நல்லா துடைச்சு உப்பு, மிளகாத்தூள், கொஞ்சம் எண்ணெய் போட்டு அவன்ல 325 டிகிரில இருபது நிமிஷம் வறுங்க. செதுக்கற பெரிய பூசணி தண்ணியா சப்புன்னு இருக்கும், கூட்டுக்கும் சாம்பாருக்கும் பை பம்ப்கின்னு சின்னதா விப்பாங்க, அது நம்ம பரங்கிக்காய்க்கு கிட்ட வரும். அத செதுக்காம வாசல்ல வெச்சிருந்து நவம்பர்ல சமைச்சிடலாம்.

காசு மிச்சம் பிடிக்கவே கூடாத ஒரு இடம் இருக்கு. 1975ல இருந்து 2016 வரைக்கும் அமெரிக்க சாலை விபத்து கணக்க ஆராய்ச்சி பண்ணி பாத்ததுல, ஹாலோவீன் சாயங்காலம் நடந்து போறவங்க வண்டி மோதி இறக்கற ஆபத்து மத்த நாள விட 43 சதவீதம் ஜாஸ்தின்னு தெரிஞ்சுது. அதனால வண்டி லைட் பட்டா மினுக்கற டேப் ஒரு சுருள் வாங்கி முதுகுலயும் பைலயும் ஒட்டுங்க, கைல டார்ச் குடுங்க, கண்ண மறைக்கற முகமூடிக்கு பதிலா முகத்துல வரைஞ்சு விடுங்க. பழகின ஷூவையே போடட்டும். 2007ல இருந்து, கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெக்கற டேலைட் சேவிங் நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் இருக்கறதால அன்னிக்கு சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளிச்சம் கிடைக்கும், சின்ன குழந்தைங்கள இருட்டறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு போயிட்டு வந்துடலாம். உங்க ஊர்ல எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும்னு நகராட்சி சைட்ல போட்டிருப்பாங்க. பெரிய பசங்க கலர் கான்டாக்ட் லென்ஸ் கேப்பாங்க, டாக்டர் சீட்டு இல்லாம விக்கறது இங்க சட்டப்படி தப்பு, கண்ணுக்கும் கேடு, அதுக்கு கண்டிப்பா முடியாதுன்னு சொல்லிடுங்க.

நவம்பர் 1ம் தேதி எல்லாம் பாதி விலை, நாள் போகப்போக இன்னும் இறங்கும். அப்ப அடுத்த வருஷத்துக்கு காஸ்ட்யூம் வாங்கி வைக்கறது பெரியவங்களுக்கு சரி, குழந்தைக்கு ஒரு வருஷத்துல சைஸும் மாறிடும் ஆசையும் மாறிடும், அதனால டார்ச், டேப், வாளி, ஹேர்பேண்ட் காது இந்த மாதிரி மட்டும் எடுங்க. மிஞ்சின மிட்டாய சில பல் டாக்டருங்க பவுண்டு கணக்குல காசு குடுத்து வாங்கி ராணுவத்துல இருக்கறவங்களுக்கு அனுப்புவாங்க, உங்க டாக்டர்கிட்ட ஒரு ஃபோன் பண்ணி கேளுங்க, வர்ற ரெண்டு மூணு டாலர குழந்தை கைலயே குடுத்துடுங்க.