எலக்ட்ரிக் எல்லோ சிக்லிட்: வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுப்பது எப்படி

கடையில் ஆப்பிரிக்கன் சிக்லிட் என்று சொன்னால் பெரும்பாலும் மலாவி ஏரி மீன்களைத்தான் காட்டுவார்கள். அதில் முதன்முதலாகக் குஞ்சு எடுக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் மீன் ஒன்றே ஒன்றுதான், எலக்ட்ரிக் எல்லோ. லாபிடோக்ரோமிஸ் செருலியஸ் என்பது அறிவியல் பெயர், யெல்லோ லேப் என்றும் சொல்வார்கள். ஏரியின் மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பக்கத்துப் பாறைகளில் வாழ்கிற மஞ்சள் வகை இது. பாறை இடுக்கில் வாழும் மலாவி மீன்களை எம்புனா என்பார்கள், அந்தக் கூட்டத்தில் இதுதான் கொஞ்சம் சாது. நம் தொட்டியில் 8 முதல் 10 செ.மீ. வரை வளரும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரித்து, குஞ்சுகளையும் நீந்தும் வரை வாயிலேயே காப்பாற்றும்.

இந்த மீன் முட்டை போடுவதற்கு நீங்கள் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. தண்ணீர் சரியாக இருந்து, வயிறு நிறைந்து, துரத்தினால் ஓடி ஒளிய இடமும் இருந்தால் தானாகவே போட்டுவிடும். உங்கள் வேலை தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பதும், அப்புறம் தாயைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும்தான்.

மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. தொட்டியில் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7.8 முதல் 8.5 வரை, வெப்பம் 25 முதல் 27 டிகிரி இருந்தால் போதும். சென்னை போன்ற ஊர்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் ஏற்கனவே கடினமானது, மற்ற மீன் வளர்ப்பவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீர் நமக்கு வரம். ஆனால் கடலோரப் பகுதியில் உப்பு ஏறிய போர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள், ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் போட்ட பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும். பிஹெச் குறைவாக இருந்தால் ஃபில்டருக்குள் ஒரு பை நிறைய உடைத்த பவளக்கல்லோ சிப்பி ஓடோ போட்டு வையுங்கள், மெதுவாக ஏறி அப்படியே நிற்கும். சமையல் சோடாவை அள்ளிக் கொட்டி ஒரே நாளில் ஏற்றுவது மீனுக்கு ஆகாது. கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் மாறாமல் நிற்கிற பிஹெச்தான் மீனுக்கு நல்லது.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பிஹெச் ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் ஏறும். சாதாரணத் தண்ணீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு கழிவுகூட பிஹெச் 8.3-ல் செவுளை எரித்துவிடும். அதனால் புதுத் தொட்டியில் ஃபில்டரை நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டி, நல்ல பாக்டீரியா வளர்ந்து, அமோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற விஷமும் பூஜ்யம் என்று டெஸ்ட் காட்டிய பிறகே மீனை விடுங்கள். வெறும் தண்ணீரில் ஓட்டினால் பாக்டீரியா வளராது, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுகவிட வேண்டும், அல்லது தெரிந்தவர் தொட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பாஞ்சை வாங்கிவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். மீன் விட்ட பிறகு வாரம் ஒருமுறை 30 சதவீதத் தண்ணீரை மாற்ற வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் சுமார் 180 லிட்டர் பிடிக்கும், இதற்குக் குறைந்து ஆரம்பிக்காதீர்கள். நான்கடி கிடைத்தால் இன்னும் நல்லது. அடியில் நன்றாகக் கழுவிய நைஸ் மணல், அதற்கு மேல் கற்கள். கற்களை முதலில் கண்ணாடி அடித்தட்டில் ஒரு மெல்லிய ஃபோம் விரித்து அதன்மேல் அடுக்கிவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள், ஏனென்றால் இவை மணலைத் தோண்டித் தள்ளும், மணல்மேல் நிற்கிற கல் ஒருநாள் சரிந்து மீனையோ கண்ணாடியையோ பதம் பார்க்கும். கடப்பா கல் துண்டுகள் கிடைத்தால் விடாதீர்கள், அது சுண்ணாம்புக் கல் வகை, தட்டையாகவும் இருப்பதால் குகை மாதிரி அடுக்க வசதி, முட்டை போடவும் மீனுக்குச் சமதளம் கிடைக்கும். பாலிஷ் போடாத துண்டாகப் பார்த்து எடுங்கள். ஒரு பெரிய குகையைவிடப் பத்துச் சின்ன இடுக்குகள் மேல்.

மீன் வாங்கும்போது ஜோடியாகக் கேட்காதீர்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால் ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தியே ஓய்த்துவிடும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்பதுதான் கணக்கு. சிறு வயதில் ஆண் பெண் பிரிப்பது கடினம். வயிற்றுத் துடுப்பில் அழுத்தமான கறுப்பு இருந்தால் ஆண் என்பார்கள், அதிகாரம் செய்கிற பெண்ணுக்கும் அந்தக் கறுப்பு வருவதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆகவே 3 செ.மீ. அளவில் எட்டுக் குஞ்சுகள் வாங்கி ஒன்றாக வளர்த்து, பெரிதானதும் கூடுதல் ஆண்களை எடுத்துவிடுங்கள். ஐந்தாறு செ.மீ. தொட்டதும் முட்டை போடும் வயது வந்துவிடும். தீவனத்துக்கு ஸ்பைருலினா என்ற பாசி கலந்த நல்ல பெல்லட் போதும், வாரம் ஒருநாள் பட்டினி. மாட்டு ஈரல், மாட்டு இதயம் எல்லாம் கொடுக்காதீர்கள். வயிறு வீங்கி, சாப்பாட்டைத் துப்பி, வெள்ளைக் கழிவு போகும் மலாவி ப்ளோட் என்ற நோய்க்கு ஒவ்வாத தீவனமும், கெட்ட தண்ணீரும், ஓயாத துரத்தலும்தான் பெரும்பாலும் வழிவிடுகின்றன.

ஆண் நிறம் ஏறி, ஒரு தட்டைக் கல்லைச் சுத்தம் செய்து, உடலை உதறி உதறிப் பெண்ணை அழைக்கும். இரண்டும் வட்டமடிக்கும். பெண் ஓரிரு முட்டை இட்டு உடனே திரும்பி வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் பின்துடுப்பில் முட்டை போலவே வட்டப் புள்ளிகள் இருக்கும், பெண் அதையும் முட்டை என்று கொத்தும்போது ஆண் விந்தை விட, முட்டைகள் அதன் வாய்க்குள்ளேயே கருவுறும். பார்க்கக் கிடைத்தால் விளக்கைப் போட்டு அணைத்து விளையாடாமல் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், அத்தனை அழகு. மறுநாள் முதல் ஒரு பெண் மீன் தீவனத்துக்கு வராமல், தாடை கீழே பை போல் தொங்கி, அவ்வப்போது எதையோ மென்று புரட்டுவது போல் செய்தால் வாயில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். பத்து முதல் இருபத்தைந்து குஞ்சு வரை கிடைக்கலாம், இளம் தாய்க்குக் குறைவாகவே இருக்கும்.

முதல் ஈற்றில் பல தாய்கள் சில நாளிலேயே முட்டைகளை விழுங்கிவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், அடுத்தடுத்த முறையில் பழகிக்கொள்ளும். முட்டை பிடித்த முதல் இரண்டு வாரம் தாயைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தில் வலை போட்டால் பயந்து துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். பதினைந்து நாளுக்கு மேல், இரவில் விளக்கணைத்த பின், வலைக்குப் பதில் ஒரு டப்பாவால் தண்ணீரோடு மொண்டு தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தச் சின்னத் தொட்டியில் பெரிய தொட்டியின் தண்ணீரே இருக்கட்டும், ஏற்கனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒளிய ஒரு குழாய்த் துண்டு, அவ்வளவுதான். 26 டிகிரியில் சுமார் மூன்று வாரத்தில், சில சமயம் நான்காவது வாரத்தில், தாயே குஞ்சுகளை வெளியே விடும். வாயைத் திறந்து குஞ்சுகளைக் கையால் எடுக்கும் முறையும் உண்டு, பண்ணைக்காரர்கள் செய்வார்கள். வீட்டில் தாய் மிகவும் மெலிந்து போனால் ஒழிய அது தேவையில்லை. குஞ்சுகளை விட்டதும் தாயை உடனே பெரிய தொட்டியில் போடாமல் ஒரு வாரம் தனியே வைத்துச் சிறுகச் சிறுக ஊட்டித் தேற்றிவிட்டு அனுப்புங்கள், மூன்று வாரப் பட்டினியில் இருக்கிற மீனை ஆண் விட்டுவைக்காது.

வெளியே வரும் குஞ்சு ஒரு செ.மீ. இருக்கும், முதல் நாளே சாப்பிடும். பெல்லட்டைப் பொடித்துத் தூளாக்கிப் போடலாம், அன்றன்று பொரித்த ஆர்டீமியா (இறால் இனத்துச் சின்ன உயிரி) கிடைத்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. வாரத்தில் இரண்டு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும், மூடியைத் திறந்து தண்ணீர் மேல் காற்றுப் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். கரண்ட் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். சுமார் மூன்று மாதத்தில் கொடுக்கிற அளவுக்கு வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குஞ்சு எடுக்கும் தொட்டியில் வேறு எம்புனா இருக்கக் கூடாது. ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு எம்புனாவோடு எலக்ட்ரிக் எல்லோ எளிதாகக் கலந்துவிடும், குஞ்சுகள் மஞ்சளாகவே தெரிவதால் வாங்குகிறவருக்குத் தெரியாது, அவர் அதிலிருந்து மறுபடி குஞ்சு எடுப்பார், இப்படியே நல்ல வம்சம் கெட்டுப்போகும். கலப்பு என்று சந்தேகம் வந்தால் அந்தக் குஞ்சுகளை யாருக்கும் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதுகு வளைந்தது, தாடை கோணியது எதையும் அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை வேறு இடத்திலிருந்து ஒரு ஆணைச் சேருங்கள்.

அதிகமான குஞ்சுகளை ஏரியிலோ கிணற்றிலோ விடவே விடாதீர்கள். நாம் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியாவும் வாயில் முட்டை சுமக்கும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, இன்று அது இல்லாத குளம் அரிது, நாட்டு மீன்களுக்கு மிஞ்சிய இடமும் குறைவு. சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை மாதிரி இடங்களிலோ உங்கள் ஊர்க் கடையிலோ எடுத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே பேசி வையுங்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் தீவனம் போடாதீர்கள், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்பிக் காலை வெயிலுக்கு முன் எடுத்துப் போங்கள், வாங்குகிறவரிடம் உங்கள் தண்ணீரின் பிஹெச் எவ்வளவு என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.