காற்று முதலில் மோதுவது உங்கள் மேல்தான்

ஆடி மாதத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், வலது முன்பக்கமாக வரும் காற்று ஆளை எப்படிப் பிடித்து நிறுத்தும் என்று. காற்றில்லாத நாளிலும் வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிறது. அதைத் தாண்டக் கால் கொடுக்க வேண்டிய சக்தி மூன்று மடங்குக்கும் மேல். இதைக் கேட்டதும் பலர் நேராக ஓடுவது கடைக்கு, ஆழமான கார்பன் ரிம் (காற்றைக் கிழிப்பதற்காகப் பக்கவாட்டை உயரமாக்கிய சக்கர வளையம்) வாங்க. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

காற்றெதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. நானும் முதலில் ரிம்தான் வாங்கினேன். தொளதொள சட்டை முதுகில் படபடவென்று அடிக்க, நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினேன். வேகம் கூடியதாகவே தெரியவில்லை. பிறகு உடம்போடு ஒட்டிய ஜெர்சி போட்டு, முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டேன். அதே சாலையில் வித்தியாசம் காலிலேயே தெரிந்தது. பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1989-இன் கடைசி நாள் ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டிய தூரம் 24.5 கிலோமீட்டர்தான். 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், கைகளை முன்னே நீட்டிக் குறுக்கிவைக்கும் ஹேண்டிலோடு ஓட்டி, முன்னணியில் இருந்த லாரன்ட் ஃபின்யோனை மொத்த நேரக் கணக்கில் 8 விநாடியில் வென்றார்.

ஆனால் அது போக்குவரத்தை நிறுத்திவிட்ட பந்தயச் சாலை. அந்த ஹேண்டிலில் சாய்ந்திருக்கும்போது கைக்குப் பிரேக் எட்டாது. நம் ஊர் டவுனுக்குள்ளோ, தொப்பூர் கணவாய் இறக்கத்திலோ அதில் சாயவே சாயாதீர்கள்.

முன் சக்கரத்துக்கு மிக ஆழமான ரிம் போடுவதும் இங்கே ஆபத்து. நான்குவழிச் சாலையில் லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். ரிம்மின் பக்கவாட்டில் அது அடித்ததும் ஹேண்டில் கையிலேயே வெட்டும். ஆழமான ரிம்தான் வேண்டுமென்றால் பின்னால் மட்டும் போடுங்கள். பின் சக்கரம் திரும்பாது, அதனால் ஹேண்டிலை இழுக்காது.

ரிம்மைவிட டயர் அகலமாக இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. டயரில் வழுக்கி வரும் காற்று ரிம்மில் ஒட்டாமல் பிரிந்துவிடும். கொடுத்த காசு வீண். ரிம்மின் வெளி அகலம் டயரைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

வால் நீண்ட ஹெல்மெட்டும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தால் பயன் தராது. வால் மேலே தூக்கிக்கொண்டு காற்றைத் தடுக்கும்.

மேட்டில் 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது இதில் எதுவும் பெரிதாக உதவாது. அங்கே உங்களை இழுப்பது எடைதான்.